லோண்டறிச் சுவரில் பதினாறு முகங்கள்

"யோகம், இந்தப் பொம்பிளை ஆர்?"

மிரேய் கேட்டது இவ்வளவுதான். சனிக்கிழமை காலை. மொன்றியலில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், உடுப்புத் தோய்க்கிற லோண்டறியின் நீளச் சுவருக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவள் கையில் கோப்பி. என் கையில் தூரிகை கழுவுகிற வாளி. லோண்டறியின் புகைக்குழாயிலிருந்து சூடான சவர்க்கார வாசம் வந்துகொண்டிருந்தது.

சுவரில் பதினாறு முகங்கள். எல்லாம் எங்கள் தெருவில் குடியிருக்கிற முகங்கள். நடுவில், மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக, மிரேயின் முகம். மூக்கு அவளுடைய மூக்கு. ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொள்கிற சிரிப்பும் அவளுடையதுதான். நிறம் மட்டும் பாலை அளவுக்கு மீறி ஊற்றிய தேத்தண்ணி மாதிரி இருந்தது.

"நீதான்," என்றேன்.

"நான் என்ரை முகத்தை அறுபது வருசமாய்க் கண்ணாடியிலை பாக்கிறன்," என்றாள். "இது நானில்லை."

மிரேய் ஹெய்ட்டிக்காரி. பேசுவது பிரெஞ்சு. அவள் சொன்னதையெல்லாம் நான் எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க அவள் யாழ்ப்பாணத்துப் பெண் போலத்தான் கதைப்பாள். அதற்கு அவள் பொறுப்பல்ல.

சாரப் பலகையின் மேல் நின்ற ஓவியர் ஜோயெலைப் பார்த்து மிரேய் சத்தம் போடாமல் சொன்னாள்: "பிள்ளை, என்ரை முகத்தை அழிச்சுவிடு. அந்த இடத்திலை வேறை ஆரையும் கீறு."

கோப்பியைக் குடித்து முடிக்காமலே பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துவிட்டாள். திறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஜோயெல் பதறிப்போய் இறங்கி வந்தாள். தன் பிழைதான், நிறத்தைச் சரியாகக் கலக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இது யாருடைய வேலை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ரொட்டி வைப்பவளும் கரண்டி வைப்பவளும்

டோர்வலில் நான் வேலை செய்கிற சமையற்கூடம் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். விமானத்தில் உங்கள் மடியில் வந்து இறங்குகிற சாப்பாட்டுத் தட்டு அங்கேதான் தயாராகிறது. ஓடுகிற பட்டியில் தட்டுகள் வரும். நான் ரொட்டியும் வெண்ணெயும் வைப்பேன். அடுத்து நிற்கிற மிரேய் கரண்டியும் கைத்துடைப்பானும் வைப்பாள். இருபது வருடமாக இதே ஒழுங்கு.

நான் பிரெஞ்சு படித்தது அவளிடம்தான். அரசாங்க வகுப்புக்கும் போனேன், அங்கே நித்திரைதான் வந்தது. மிரேயிடம் படித்தபடியால் என் பிரெஞ்சு ஹெய்ட்டி ராகத்தில் இருக்கும். என் மகள் கேட்டுச் சிரிப்பாள். பதிலுக்கு, மிரேய் யாரோடு கதைத்தாலும் என்னிடம் பழகிய தமிழில் "ஓம், ஓம்" என்பாள். எங்கள் மேற்பார்வையாளர் அதை ஹெய்ட்டிக்காரரின் ஏதோ கிறியோல் மொழிச் சொல் என்று நினைத்துத் தானும் சொல்லத் தொடங்கினார்.

குளிர் அறையில் விரல் விறைத்தால் அவள் தன் கைகளுக்குள் என் கைகளை வைத்துத் தேய்த்துவிடுவாள். அவ்வளவு பக்கத்தில் நின்றவள்.

சுவரில் இருந்த சொல்

இந்த ஓவியம் ஏன் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பனிக்காலம் முடிகிற நேரத்தில், அந்த லோண்டறிச் சுவரில் யாரோ ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போனார்கள். கறுப்பு மனிதர்களை இழிவாகச் சொல்கிற சொல். அதை இங்கே எழுதி இந்தப் பக்கத்தையும் நான் அழுக்காக்கப் போவதில்லை. நகரசபை ஆட்கள் வந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். அதில்தான் வினை வந்தது. கழுவிய இடம் பளிச்சென்று ஆகிவிட்டது, சுற்றிலும் பழைய அழுக்கு. ஆகவே அந்தச் சொல் இப்போது வெளிறிய எழுத்தில், முன்னதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

மிரேயின் வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு அதுதான் வழி. அவள் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் லோண்டறி வந்ததும் தெருவைக் கடந்து மறுபக்கத்தால் போவாள். சறுக்குகிற பனியிலும் அப்படித்தான். நான் பஸ்ஸுக்குள் இருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

தேவாலயத்தின் நிலவறையில் அயலவர்களின் கூட்டம் நடந்தது. ஜோயெல் என்ற இளம் ஓவியர் வந்து, இந்தத் தெருவில் இருப்பவர்களின் முகங்களை அந்தச் சுவரில் வரைவோம், நீங்களே நிறம் பூசுங்கள் என்றாள். எல்லாரும் தலையாட்டினோம். அப்போது பின்வரிசையில் இருந்த மிரேய் எழுந்தாள்.

"அந்தச் சொல் இருந்த இடத்திலை என்ரை முகத்தைப் போடுங்கோ," என்றாள். "நான் இனித் தெருவைக் கடக்கப் போறதில்லை."

கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தைத்தான் இப்போது அவளே அழிக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மிராபெலில் என்னைத் தாண்டிப் போனவர்

இனி என் குட்டை நானே உடைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அதில் எனக்கு மட்டும் கறுப்பி என்று பட்டம். கல்யாணம் பேசியபோது என் அப்பா கடிதத்தில் "பொது நிறம்", அதாவது மாநிறம், என்று எழுதினார். நான்கு பேர் மெச்ச வாழ்ந்த மனிதர், அந்த ஓர் இடத்தில் பொய் சொன்னார்.

படம் எடுக்க என்னைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டூடியோக்காரர் பவுடரை அள்ளிப் பூசினார். கண் கூசுகிற மாதிரி இரண்டு விளக்கைப் போட்டார். பிறகு உள்ளே கொண்டுபோய் என்ன செய்தாரோ தெரியாது, படம் வந்தபோது அதில் சந்தனச் சிலை மாதிரி ஒருத்தி இருந்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோசம். படம் கனடாவுக்கு வந்தது. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது.

அந்த நாளில் மொன்றியலுக்கு வருகிற வெளிநாட்டு விமானங்கள் மிராபெல் விமான நிலையத்தில் இறங்கும். நான் பெட்டியோடு வெளியே வந்து நிற்கிறேன். எதிரே என் எதிர்காலக் கணவர், கையில் பூங்கொத்தும் அந்தப் படமுமாக வருகிறார். அவரை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆம்பிளைகளின் படத்தை யார் வெளுக்கப் போகிறார்கள்?

அவர் என்னைத் தாண்டிப் போனார். படத்தைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனார். கூப்பிட எனக்கு வெட்கம். மூன்றாம் முறைதான் என் முன்னால் நின்று, சந்தேகத்தோடு, "யோகேஸ்வரி?" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் என்னிடம் பேசிய முதல் வசனம் இது: "படத்திலை நீர் வேறை மாதிரி இருந்தீர்."

நல்ல மனிதர். குத்தலாகச் சொல்லவில்லை, தான் தேடியதற்கு நியாயம் சொன்னார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இது ஒரு பகிடிக் கதை. நானே எத்தனையோ விருந்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரித்து முடிந்தபிறகு எனக்குள் ஒரு இடம் நோகும் என்பதை யாருக்கும் சொன்னதில்லை.

ராசனின் சமத்துவம்

சுவர் ஓவியத்துக்குப் படம் எடுக்க முன்வந்தவன் ராசன். திருகோணமலைப் பிள்ளை. மொன்றியலில் பாதித் தமிழ்க் கல்யாணங்களுக்கு அவன்தான் படப்பிடிப்பு. தேவாலய நிலவறையில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டித் தொங்கவிட்டு, பதினாறு பேரையும் வரிசையாக இருத்தி எடுத்தான்.

என் முறை வந்தபோது நான் மெல்லிய குரலில், தமிழில், "தம்பி, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடும். சுவரிலை ஏத்தப் போகினமெல்லே," என்றேன். பழக்க தோசம். முப்பது வருடமாக எந்த விழாவிலும் இதைச் சொல்லாமல் நான் படத்துக்கு நின்றதில்லை. எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான். சொல்லாமல் விட்டாலும் படப்பிடிப்பாளர்கள் மரியாதைக்குச் செய்து தருவார்கள்.

மிரேய் போன அன்று மாலையே ராசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, மற்ற ஆக்களின்ரை படத்திலையும் கை வைச்சனீரோ?"

"ஓம் அக்கா," என்றான் சந்தோசமாக. "எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்து விட்டனான்."

"எல்லாருக்குமோ?"

"பின்னை? ஒராளுக்குச் செய்துபோட்டு மற்ற ஆக்களுக்குச் செய்யாமல் விட்டால் அது பாகுபாடெல்லோ அக்கா? இனபேதத்துக்கு எதிரான வேலையிலை அப்பிடிச் செய்யலாமோ?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மைதான், அவன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. லோண்டறி முதலாளி பரம்பரைக் கெபெக் வெள்ளைக்காரர், அவரையும் வெளுத்திருந்தான். அவர் சுவரில் அவித்த கொழுக்கட்டை மாதிரி இருந்தார். ஜோயெலின் முகமெங்கும் பழுப்புப் புள்ளிகள். வெளிச்சம் பார்க்க முதலில் எடுத்த அவள் படத்தில் ஒரு புள்ளி இல்லை. அந்தப் படங்களை வைத்துத்தான் அவள் நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கிற தன் பட்டறையில் நிறங்களைக் கலந்து, தகரப் பேணிகளில் இலக்கம் போட்டுக் கொண்டுவந்தாள். சுவரிலும் இலக்கம் குறித்திருந்தாள். ஏழு என்று இருந்தால் ஏழாம் பேணி, அவ்வளவுதான் எங்கள் வேலை.

இதில் நான் ஒன்றை மறைக்கக் கூடாது. மிரேயின் இடது கன்னத்துக்குப் பெயின்ற் பூசியவள் நான். இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்த கன்னம். நான் பேணியின் இலக்கத்தைப் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. பூசி முடித்துத் தள்ளி நின்று, வடிவாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஒரு விமானம் நிறைந்த தட்டுகள்

திங்கட்கிழமை பட்டி ஓடத் தொடங்கியது. மிரேய் வணக்கம் சொன்னாள், அதோடு சரி. வழக்கமாக வேலைக்குள்ளே ஒரு பாட்டு முணுமுணுப்பாள், அதுவும் இல்லை. நான் பத்துத் தட்டு வரை பொறுத்தேன்.

"மிரேய், ஜோயெலிலை பிழையில்லை. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டி வைப்பதை நிறுத்தவில்லை.

"உன்ரை முகத்தை வெளுக்கச் சொன்னனி. சரி. என்ரை முகத்தைப் பார்த்த உடனே உனக்குத் தெரியேல்லையோ?"

பூசி மெழுகியிருக்கலாம். அவளிடம் அது எடுபடாது. "வடிவாயிருக்கெண்டு நினைச்சன்," என்றேன்.

அதன் பிறகு ஒரு விமானம் நிறையத் தட்டுகள் போயின. நான் இரண்டு தட்டில் வெண்ணெயை மறந்தேன். அவள் அதை எட்டி எடுத்து வைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. இந்தச் சிநேகிதம் இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பட்டி நின்றதும் கேட்டாள்: "உனக்கு ஏன் அது வேணும்? உன்ரை முகத்திலை என்ன பிழை?"

மிராபெல் கதையைச் சொன்னேன். விருந்தில் சொல்கிற மாதிரி அல்ல. நோகிற இடத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் இரண்டாம் முறை தாண்டிப் போகிற இடம் வந்தபோது மிரேயின் தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று பார்த்தால், சிரிப்பு. அடக்கப் பார்த்து முடியாமல், சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். மேற்பார்வையாளர் வந்து எட்டிப் பார்த்து, "ஓம், ஓம்" என்றுவிட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "எங்கடை பெரியம்மாவும் முகம் வெளுக்கிற ஒரு கிறீம் வைச்சிருந்தவ. என்னைக் கலைச்சுக் கலைச்சுப் பூசுவா. நான் ஒருநாள் முழு டப்பாவையும் எங்கடை கறுத்த ஆட்டுக்குப் பூசிவிட்டன்."

"வெளுத்ததோ?"

"நக்கி முடிச்சிட்டுது."

பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என் தோளில் கை வைத்தாள். "சனிக்கிழமை வாறன். படம் ஒண்டும் வேண்டாம். நான் முன்னாலை நிப்பன், என்னைப் பாத்துப் பூசு. நீதான் பூசவேணும்."

புள்ளி மறையும் வரை

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் காதுவரை போகும்.

நடந்ததை நான் சொன்னதும் பதினாறு முகங்களையும் திரும்பப் பூசுவது என்று முடிவெடுத்த ஜோயெல், லோண்டறி முன்னால் ஒரு நீள மேசை போட்டிருந்தாள். பழுப்பு, காவி, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை எல்லாம் பெரிய பேணிகளில். பதினாறு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றோம், தடுப்பூசிக்கு நிற்கிற மாதிரி. அவள் நிறத்தைக் கலந்து எங்கள் முன்கையில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி தெரிந்தால் நிறம் சரியில்லை. இன்னும் கொஞ்சம் கலந்து இன்னொரு புள்ளி. புள்ளி வைத்த இடம் எது என்று தேட வேண்டி வந்தால் அதுதான் உங்கள் நிறம்.

முதலில் லோண்டறி முதலாளி வந்தார். அவருக்கு மஞ்சளும் சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத அளவு பச்சையும் தேவைப்பட்டது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சையா?" என்று இரண்டுமுறை கேட்டார். ராசன் முகத்தில் அசடு வழியக் கலவைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் புள்ளி வைத்தோம்.

மிரேயின் கையில் மூன்றாவது புள்ளி மறைந்தது. சுற்றி நின்றவர்கள் ஆளையாள் தள்ளிக்கொண்டு குனிந்து தேடினார்கள். அவளுக்கே எங்கே என்று தெரியவில்லை.

அடுத்தது நான். நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து, "மிரேயின்ரை பேணியிலை கொஞ்சம் வெள்ளையைக் கலந்தால் எனக்குச் சரிவரும்," என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா? ஜோயெல் சிரித்துக்கொண்டு, வெள்ளை கலக்காமல், மிரேயின் நிறத்தையே என் கையில் வைத்தாள்.

புள்ளி பளிச்சென்று தெரிந்தது. என் நிறம் அதைவிடக் கறுப்பு.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. நான் மிரேயைப் பார்த்தேன். "நான் உன்னைவிடக் கறுப்பு," என்றேன் பிரெஞ்சில்.

"இருபது வருசமாய் உனக்குப் பக்கத்திலை நிக்கிறன், எனக்குத் தெரியும்," என்றாள். "உனக்கு இண்டைக்குத்தான் தெரியுமோ?"

ஜோயெல் கொஞ்சம் பழுப்பு சேர்த்தாள். போதவில்லை. பிறகு நீலத்தில் ஒரு துளி விட்டுக் கலக்கினாள். அந்தப் புள்ளி என் கையில் விழுந்ததும் காணாமல் போய்விட்டது. என் நிறத்துக்குள்ளே நீலம் இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி எல்லாருக்கும் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அன்று பின்னேரம் மிரேய் ஒரு கதிரையைப் போட்டுச் சுவருக்கு முன்னால் இருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுப் பூசினேன். கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை முதல்முறையாகக் கண்டேன். அதையும் போட்டேன். கடைசியில் அவள் எழுந்து வந்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "இவளை எனக்குத் தெரியும்."

மஞ்சள் அங்கி

திறப்பு விழாவில் பேச்சுகள் குறைவு, சாப்பாடு அதிகம். மிரேயின் ஆட்கள் வாழைக்காயைத் தட்டிப் பொரித்தார்கள், கூடவே உறைப்பான முட்டைக்கோவா ஊறுகாய். எங்கள் பக்கம் றோல்ஸும் வடையும். எது உறைப்பு என்று ஒரு சண்டை நடந்தது, அதில் எங்கள் ஆட்கள் தோற்றுத் தண்ணீர் கேட்டார்கள். ராசன் படம் எடுத்தான். "கை வைக்கக் கூடாது" என்று பதினாறு பேரும் தனித்தனியாக வந்து அவனுக்குச் சொல்லிவிட்டோம்.

என் கணவர் துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகிறார். வேலை முடிந்து நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். சுவரை அவர் அதுவரை பார்க்கவில்லை. "வீட்டுச் சுவர் நாலு வருசமாய்ப் பெயின்றுக்குக் காத்துக்கொண்டு கிடக்குது, நீர் ஊர்ச் சுவருக்குப் போறீர்," என்று பகிடி பண்ணுவாரே தவிர, எட்டிப் பார்த்ததில்லை. அங்கே நடந்த கூத்து எதையும் நான் அவருக்குச் சொல்லவுமில்லை.

மஞ்சள் நிற வேலை அங்கியோடு தெருமுனையில் அவர் வருவதைக் கண்டதும், கையில் தட்டோடு மிரேயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். என் முகம் நடுவில் இல்லை. சுவரின் கோடியில், லோண்டறி வாசலுக்குப் பக்கத்தில், கீழே இருக்கிறது. எங்கே என்று அவருக்குத் தெரியாது.

மிரேய்க்கு விசயம் விளங்கிவிட்டது. தோளை அகட்டி என்னை நன்றாக மறைத்துக்கொண்டாள்.

அவர் சுவரின் தொடக்கத்தில் நின்று ஒருமுறை கண்ணை ஓட்டினார். பிறகு நடந்தார். லோண்டறி முதலாளியின் முகத்தைக் கடந்தார், இன்னும் ஐந்தாறு முகங்களைக் கடந்தார், நடுவில் மிரேயின் பெரிய முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார், அதையும் கடந்தார். எங்கும் தயங்கவில்லை. நேரே கோடிக்குப் போய், என் முகத்துக்கு முன்னால் குந்தி இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் மெல்லப் போய்ப் பின்னால் நின்றேன். "எப்பிடி இவ்வளவு கெதியாய்க் கண்டுபிடிச்சனீங்கள்?"

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"இதிலை நீர் உம்மை மாதிரியே இருக்கிறீரப்பா."